காரணம் என்னும் கட்டம்

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டி நாங்கள் மூவரும் தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அம்மா இறந்து இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவள் பெயரில் இருந்த அறுபது சென்ட் புன்செய்க்குப் பட்டா மாற்றவேண்டும். அப்பா இருந்தவரை அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பழைய சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் செல்லரித்துப் போயிருந்தது. அக்கா தன் ஊரிலிருந்து வந்தாள். தம்பி வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொன்னான். கல்லூரியில் அன்று இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னூல் வகுப்பு, அதை வேறொருவர் தலையில் கட்டியாயிற்று.

எழுத்தர் நல்லவர். பழைய கிராமப் பதிவேடுகள் அடுக்கிய இரும்பு அலமாரியிலிருந்து 1997ஆம் ஆண்டுக்கு உரியதைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, பக்கத்தைப் புரட்டி, "இதுதானே பாருங்க" என்று எங்கள் பக்கம் திருப்பினார். பெயர், கணவர் பெயர், வயது நாற்பத்தொன்பது, பெண், இறந்த இடம் வீடு. அதற்கும் அப்பால், நீல மை வெளிறிப்போன கையெழுத்தில், இறப்புக்கான காரணம் என்னும் கட்டத்தில் ஒரே சொல்: மாரடைப்பு.

மூவரும் படித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை எழுதியவர் வேறொருவர், கொடுத்தவர்கள் நாங்கள்.

எங்கள் ஊர் அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் ஊர். (மணிலா என்பது நிலக்கடலை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, தெற்கத்தி வாசகர்களுக்காகச் சொல்கிறோம்.) அம்மா வீட்டுக்குச் சமைத்தாள், அது போக, ஊராருக்குக் கூலிக்கு நெல் அவித்தாள். பின்கட்டில் ஓலைச்சாய்ப்பின் கீழ் பெரிய அடுப்பு. மார்கழியிலும் தையிலும் விடியுமுன்னே அது எரியத் தொடங்கும். மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் கரும்புச் சோகை, மணிலாத் தோல், வறட்டி, சவுக்கு மிலாறு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போகும். ஊதாங்குழலை வாயில் வைத்து அவள் குனிவதும், புகை திரும்பி முகத்தில் அடிக்க நிமிர்வதும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் குனிவதும்தான் அம்மா என்றவுடன் எங்கள் மூவருக்கும் முதலில் தோன்றும் காட்சி. நாங்கள் ஒருவரையொருவர் கேட்டு உறுதிசெய்துகொண்ட ஒன்று இது.

இருமல் எப்போது தொடங்கியது என்று எவருக்கும் நினைவில்லை. அது வீட்டின் ஓசைகளில் ஒன்று, கிணற்று உருளையின் கிறீச்சைப் போல. கடைசி இரண்டு ஆண்டுகளில் இழுப்பும் சேர்ந்துகொண்டது. மூச்சுமுட்டும் இரவுகளில் பக்கத்து ஊர் மருத்துவரிடம் வண்டி கட்டிப் போவோம். ஓர் ஊசி போடுவார். இரண்டு நாள் தேவலை என்றிருக்கும். உடம்பு குச்சியாக இளைத்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாள். மருத்துவர் ஒருமுறை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொண்டு வரும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு சாமிப்படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது. அங்கேயே இருந்தது.

காரணம் எளியது. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது வயது இருபத்துமூன்று. சளிப் பரிசோதனைக்குப் போவதை யாராவது பார்த்துவிட்டால் ஊருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. காசம் என்னும் சொல்லை எங்கள் தெருவில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். "அந்த நோவு" என்பார்கள். அதுவும் குரலைத் தாழ்த்தி. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரித்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலத்துக்கு நாங்கள் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லும் எடுத்துக்காட்டு. காசத்தை "அந்த நோவு" என்பது மூன்றில் எதில் அடங்கும் என்று எந்த மாணவரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மூன்றிலும் என்றுதான் சொல்லியிருப்போம்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, அடுப்பு மூட்டப்படாத நாளில், அம்மா போனாள். காரியம் முடிந்த மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கர்ணமும் மணியமும் 1980இலேயே ஒழிந்துவிட்டாலும் ஊர் அவரை மணியக்காரர் என்றே அழைத்தது. தலையாரி பின்னால் பதிவேட்டைச் சுமந்து வந்தான். திண்ணையில் உட்கார்ந்து பெயரும் வயதும் கேட்டு எழுதியவர், காரணத்தின் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "என்னான்னு போடட்டும்?" என்றார்.

அப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் நிலைப்படியில் நின்றோம். "நெஞ்சு வலின்னு சொன்னாங்க... மாரடைப்புதான்." எங்களில் யார் அதைச் சொன்னது என்பதை இன்றுவரை நாங்கள் பிரித்துப் பேசியதில்லை. மூவர் வாயிலும் அது தயாராக இருந்தது என்பது மட்டும் உறுதி. மணியக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. அவருக்கும் அது பழகிய சொல். மேலே இருந்த வரிகளிலும் அதுவே இருந்தது. எவர் இறந்தாலும் கடைசியில் இதயம் நிற்கத்தானே செய்கிறது!

இந்தக் கடைசி வாக்கியத்தை வேடிக்கைக்காக எழுதவில்லை. மருத்துவமனையில் நேரும் இறப்புக்கு மருத்துவர் நிரப்பும் நான்காம் எண் படிவம் ஒன்று உண்டு. சாவுக்கு இட்டுச்சென்ற நோயை எழுதவேண்டும், சாவின் விதத்தை எழுதக்கூடாது, இதயம் செயலிழந்தது என்பது போன்றவற்றைக் காரணமாகக் காட்டலாகாது என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது. உடனடிக் காரணம் என்ன, அதற்கு முன்னது என்ன, அதற்கும் முன்னது என்ன என்று ஏணிப்படியாகக் கீழிறங்கி வேரைத் தொடவேண்டும். வீட்டில் நேரும் இறப்புக்கு 4-அ என்று மற்றொரு படிவம். அதையும் சிகிச்சையளித்த மருத்துவர்தான் நிரப்பவேண்டும். ஆனால், இந்தியாவில் 2020இல் பதிவான 81 இலட்சத்துச் சொச்சம் இறப்புகளில் இவ்வாறு மருத்துவர் சான்று பெற்றவை 22.5 விழுக்காடுதான். எஞ்சியோரின் காரணம் திண்ணையில் சொல்லப்பட்டது, அல்லது சொல்லப்படவே இல்லை.

இறப்புக் காரணங்களை ஆராய்பவர்கள் மாரடைப்பு, மூப்பு, மூச்சு நின்றது போன்று எதையும் தெரிவிக்காத பதிவுகளுக்குக் குப்பைக் குறியீடுகள் என்று பெயரிட்டிருக்கிறார்கள். (முறையாகக் கண்டறியப்பட்ட மாரடைப்பு வேறு, அது குப்பை அன்று.) மூப்பு என்று எழுதுவது நாட்டுப்புறத்தார் வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2022இல் தமது தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்த இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் இறப்புச் சான்றிதழிலும் முதுமை என்றே காரணம் எழுதப்பட்டிருக்கிறது.

இறப்புக் கணக்கின் மூதாதையைத் தேடிப் போனாலும் இலண்டனுக்கே போகவேண்டியிருக்கிறது. ஜான் கிராண்ட் என்பவர் துணிமணிச் சில்லறைகள் விற்ற வணிகர். அந்நகரில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் 1632ஆம் ஆண்டுக்கு உரிய அட்டவணை ஒன்று உண்டு. முதுமையால் 628 பேர், பல்லால் 470 பேர் (பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகள்), கோளால் 13 பேர், துயரத்தால் 11 பேர். துயரம் என்று ஒரு காரணத்தை ஒப்புக்கொண்ட அக்கணக்கின்மேல் எங்களுக்கு ஒரு தனிப்பற்று உண்டு. ஆனால் கிராண்ட் அதை நம்பியவர் அல்லர். இறந்தோர் வீட்டுக்குப் போய்ப் பிணத்தைப் பார்த்துக் காரணம் சொன்னவர்கள் அந்தந்த வட்டாரத்து மூதாட்டிகள். மேகநோயால் இறந்தவர்கள் பட்டியலில் மிகக் குறைவாக இருப்பதைக் கண்ட அவர், உறவினர் ஊற்றிக் கொடுத்த மதுவும் கையில் திணித்த காசும் கிழவிகளின் வாயை அடைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். கிழவிகளுக்குக் காசாவது கிடைத்தது. எங்கள் மணியக்காரர் மோர்கூடக் குடிக்காமல் எழுதிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் செங்கம். அவ்வட்டாரத்து நடுகற்களின் கல்வெட்டுகளை நாகசாமி பதிப்பித்து 1972இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்டது. எம்.ஏ. படித்த காலத்தில் அந்நூலைச் சிலைகளின் அழகுக்காகவும் எழுத்தின் வளர்ச்சிக்காகவும் படித்தோம். இப்போது படிக்கையில் அது இறப்புப் பதிவேடாகத் தெரிகிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய மகன் அல்லது சேவகன், எவ்வாறு பட்டான் என்று ஒழுங்காகச் சொல்கின்றன கற்கள். தொறு மீட்டுப் பட்டவன், தொறு கொள்ளப் போய்ப் பட்டவன் என்று காரணத்தின் கட்டம் ஒருபோதும் காலியாக இல்லை. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், வீரனோடு நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் அது கள்வரைக் கடித்த செய்தியும் உண்டு. பேதியில் போனவனுக்கும் பேற்றில் போனவளுக்கும் கல் இல்லை. எண்ணிக்கையில் அவர்களே மிகுதியாக இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

கல்லின் இடத்தை இன்று பிடித்திருப்பவை கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள். அவற்றில் தோற்றமும் மறைவும் உண்டு. காரணம் கிடையாது.

இனி, அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மா இறந்த மறு ஆண்டு, அக்காவின் திருமணம் முடிந்த பின், தோளில் பையும் கையில் அட்டையுமாக ஓர் இளைஞர் ஊருக்கு வந்தார். முந்திய ஓராண்டில் இறப்பு நேர்ந்த வீடுகளை விசாரித்து வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டில் அப்போது பெரியம்மா மட்டும் இருந்தாள். முற்றத்தில் மணிலா உரித்துக்கொண்டிருந்தாள். அவர் மண்தரையில் உட்கார்ந்து அவளுடைய முறத்திலிருந்து ஒரு கை அள்ளித் தாமும் உரித்தபடியே பேச்சுக் கொடுத்தாராம். இருமல் எத்தனை மாதமாக இருந்தது? சாயங்காலம் காய்ச்சல் வருமா? இரவில் வேர்க்குமா? இளைத்தார்களா? சளியில் ஏதாவது பார்த்தீர்களா? பெரியம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒப்பாரியில் பெயர்பெற்றவள் அவள். நோயாளியின் கடைசி நாள்களை வரிசை பிசகாமல் சொல்லும் பயிற்சி அவளுக்கு உண்டு. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர் தெருமுனையைக் கடந்துவிட்டிருந்தார். என்ன சொன்னாய் என்று பெரியம்மாவைக் கேட்டோம். சொன்னாள். அப்போதுதான் அந்தச் செய்தியும் வெளிவந்தது. கடைசி ஆறேழு மாதங்களாக அம்மா இருமித் துப்பும் துணியில் இரத்தம் பட்டிருந்தது. அவளிடம் மட்டும் காட்டியிருக்கிறாள். "பெரியவ கலியாணம் முடியட்டும்க்கா, அப்புறம் நானே போயி பாத்துக்கறேன்னா. சத்தியம் வாங்கிட்டா." அந்தச் சத்தியத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் முறித்தாயே என்று நாங்கள் பெரியம்மாவிடம் பாய்ந்தோம். அக்காவின் புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கத்தினோம். அவள் முறத்தைப் புடைத்தபடி சொன்னாள்: "அந்தப் புள்ள கேட்டுதுடா. வேற யாரு கேட்டீங்க?"

அந்த இளைஞர் செய்தது என்ன என்பது எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. அதற்குப் பெயர் வாய்மொழி உடற்கூறாய்வு. (ஆங்கிலத்திலிருந்து நாங்கள் ஆக்கிக்கொண்ட தொடர், நல்லதொன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். உடலை எரித்தபின் சொல்லைக் கூறுபோடுவது என்னும் பொருள் மட்டும் கெடக்கூடாது.) மருத்துவர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் இறந்தவரின் வீட்டாரிடம் கேட்டு எழுதிவருவார், அதை மருத்துவர் படித்துக் காரணத்தை முடிவுசெய்வார். கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் இம்முறையில் சென்னையில் 48,000, விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் 32,000 என்று 80,000 வயதுவந்தோரின் இறப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2004இல் வெளியானது. விழுப்புரத்து இறப்புகள் 1997, 1998ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. கஜலட்சுமி குழுவினர் 2003இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று காட்டியது. அம்மா பீடியைத் தொட்டவள் அல்லள். புகையை மட்டும் தொட்டாள். 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் வீட்டடுப்பின் புகையால் நேர்ந்த இறப்புகள் ஆறு இலட்சத்துக்கும் மேல் என்பது பின்னாளில் வந்த ஒரு மதிப்பீடு.

நாடு தழுவிய அளவில் இதே முறை 2001 முதல் நடைபெற்றது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் பிரபாத் ஜா தலைமையிலான குழுவும் 2014 வரை ஏறத்தாழப் பத்து இலட்சம் இறப்புகளை இவ்வாறு விசாரித்தார்கள். அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தில் அடங்கிய ஊர்களில், இறப்பு நேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து கேட்டார்கள். படிவத்தில் கட்டங்களோடு அரைப்பக்கம் வெற்றிடமும் உண்டு. நடந்ததை வீட்டார் சொன்னபடி, அவர்கள் மொழியிலேயே, கதையாக அதில் எழுதவேண்டும். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்து முடிவுசெய்வார்கள். முடிவு ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடம் தெளிகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. இலக்கியம் கற்பிக்கும் எங்களைப் போன்றோரைப் பொறாமை கொள்ளச்செய்வது அந்த அரைப்பக்கந்தான். பத்து இலட்சம் அரைப்பக்கங்கள்! கையறுநிலை என்று ஒரு துறை வகுத்த மொழியில் அவற்றுள் எத்தனை எழுதப்பட்டிருக்கும். அவை நூலாக வரப்போவதில்லை. வரவும் கூடாது, இறந்தவர்களின் மானம் அதில் இருக்கிறது.

அந்த அரைப்பக்கங்கள் சில பெரிய எண்களைக் கவிழ்த்தன. இந்தியாவில் மலேரியாவால் ஆண்டுக்கு 15,000 பேர் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருந்த காலத்தில், எழுபது வயதுக்குட்பட்டோரில் மட்டும் ஏறத்தாழ 2 இலட்சம் என்றது 2010இல் வந்த இவ்வாய்வின் முடிவு. இந்த எண்ணை மறுத்தவர்களும் உண்டு. வாய்மொழியில் எல்லாக் காய்ச்சலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. பாம்புக்கடியில் அந்தக் குழப்பம் இல்லை. அரசுக் கணக்கில் சில ஆயிரங்களாக இருந்த அவ்விறப்புகள் 2005ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 46,000 என்று தெரியவந்தது. கடிபட்டவர் வயலிலோ வழியிலோ பூசாரியின் முற்றத்திலோ இறந்தார். மருத்துவமனைப் பதிவேட்டுக்குள் அவர் நுழையவே இல்லை. தற்கொலையிலும் இத்தகைய இடைவெளி உண்டு. செய்தித்தாள்களில் "தீராத வயிற்றுவலியால்" என்று தொடங்கும் மூன்றுவரிச் செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்த வயிற்றுவலிகளுக்குள் என்னென்ன இருந்தன என்று ஊருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. 2021 முதல் 2023 வரையிலான அறிக்கை, 15 முதல் 29 வயது வரை உள்ளோரின் முதன்மையான இறப்புக் காரணம் தற்கொலை என்கிறது. எங்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் வயது அது.

மொத்தக் கணக்கு ஆறுதல் தருவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1971இல் ஆயிரம் பேருக்கு 14.9 என்றிருந்த இறப்பு விகிதம் 2023இல் 6.4. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 129ஆக இருந்து 25ஆகக் குறைந்திருக்கின்றன. விடுதலையின்போது முப்பத்திரண்டை ஒட்டியிருந்த சராசரி ஆயுள் எழுபதைத் தொட்டிருக்கிறது. 1990இல் நேர்ந்த இறப்புகளில் 37.9 விழுக்காடாக இருந்த தொற்றாநோய்களின் பங்கு 2016இல் 61.8 விழுக்காடாகிவிட்டது என்கிறது ஒரு கணிப்பு. அரசின் கணக்கு 2021-23க்கு 56.7 என்கிறது, அதில் இதய, இரத்தநாள நோய்கள் மட்டுமே மொத்த இறப்புகளில் ஏறத்தாழ 31 விழுக்காடு. அம்மாவுக்கு நாங்கள் பொய்யாகச் சொன்ன காரணம் இப்போது மெய்யாகவே நாட்டின் முதற்காரணம். அதே அறிக்கையில் காரணம் தெளிவில்லை என்ற தலைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் இருக்கிறார்கள். பெரும்பாலும் முதியவர்கள். யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டபோது சொல்லப் பெரியம்மாக்கள் இல்லை.

2006இல் தம்பிக்கு இருமல் வந்தது. மூன்று வாரம் நீடித்தது. இம்முறை சீட்டு சாமிப்படத்துக்குப் பின்னால் போகவில்லை, போகவிடவில்லை அக்கா. சளிப் பரிசோதனையில் காசம் என்று வந்தது. அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவர், எங்களைவிட இளையவர், அட்டையை நிரப்பிக்கொண்டே கேட்டார்: "வீட்ல இதுக்கு முன்னாடி யாருக்காவது இருந்திருக்கா?"

எங்கள் மூவருக்கும் நிலைப்படி நினைவுக்கு வந்தது. ஒருவருக்குக் காசம் கண்டால் உடன் வாழ்வோர் எல்லாரையும் சோதிக்கவேண்டும் என்பதும், கிருமி உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழக்கூடும் என்பதும் அப்போதே எங்களுக்குத் தெரிந்திருந்தன. தம்பிக்கு அது அம்மாவிடமிருந்தே வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அம்மாவின் கடைசி ஓராண்டு அவன் அவள் பக்கத்தில் படுத்துறங்கினான் என்பதை மட்டும் எங்களால் சொல்ல முடியும்.

"அம்மாவுக்கு இருந்துச்சு" என்றோம். அவர் எழுதிக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளில் அந்தச் செய்தி தாளில் ஏறியது அது இரண்டாம் முறை. வாரம் மூன்று நாள், சுகாதார நிலையத்தில் ஆள் பார்க்க விழுங்கவேண்டிய மாத்திரைகள். ஆறு மாதத்தில் தம்பி தேறினான். மாத்திரைகளுக்கு ஒரு காசு செலவில்லை. இதை எழுதும்போது கை சற்று நிற்கிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர்.

2021 மே மாதத்தில் எங்கள் துறையைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் தனியார் மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்து இறந்தார். கொரோனா என்று உள்ளே போனவர். வெளியே வந்த தாளில் நிமோனியா என்றிருந்தது. அந்த நாள்களில் அவர் குடும்பத்தார் அதைப் பொருட்படுத்தவில்லை. உடலைக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. தெருக்காரர்கள் கேட்டால் சொல்வதற்கும் நிமோனியாவே வசதி. அவ்வாண்டு செப்டம்பரில், தொற்று உறுதியாகி முப்பது நாள்களுக்குள் நேர்ந்த இறப்பைக் கொரோனா இறப்பாகக் கொள்ளலாம் என்னும் வழிகாட்டுதல் வந்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. அதன்பின் அவர் மனைவியோடு நாங்கள் துறையாசிரியர்கள் முறைவைத்து அலைந்தோம். பரிசோதனை முடிவு, மருத்துவமனையின் தாள், மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பம். 1997இல் ஒரு சொல்லை மறைக்கப் பாடுபட்ட கைகள் 2021இல் ஒரு சொல்லை எழுதவைக்கப் பாடுபட்டன. பணம் பெரிதில்லை என்று அந்த அம்மையார் ஒவ்வொரு முறையும் சொன்னார். "எதுல போனாருன்னு எழுதணும் இல்லைங்களா, சார்?" 2021 முடிய இந்தியாவில் கொரோனா இறப்புகள் 4.8 இலட்சம் என்றது அரசு. 2022 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் அவ்விரண்டாண்டுகளின் மிகை இறப்புகளை 47 இலட்சம் என்று மதிப்பிட்டது. அரசு அந்தக் கணிப்பு முறையை ஏற்கவில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் எங்கள் பேராசிரியர் எந்த எண்ணுக்குள் இருந்தார் என்பதற்காக ஏழு மாதம் படியேறியவர்கள் நாங்கள்.

தாலுகா அலுவலகத்துக்கு வருவோம். எழுத்தர் சான்றிதழை அச்சிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பதிவேட்டில் தவறு இருந்தால் திருத்தச் சட்டத்தில் இடமுண்டா என்று அவரைக் கேட்டோம். உண்டு, பதினைந்தாம் பிரிவு என்றார். பெயரிலா, தேதியிலா என்று கேட்டார். காரணத்தில் என்றோம். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"அது சான்றிதழ்ல வரவே வராதுங்களே."

உண்மைதான் என்று அவர் நீட்டிய தாளே காட்டியது. பெயர், தேதி, இடம், பதிவு எண். காரணம் என்றொரு கட்டமே அதில் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்ட 1969ஆம் ஆண்டிலேயே அதன் பதினேழாம் பிரிவு, எவருக்கு வழங்கும் சான்றிலும் இறப்பின் காரணத்தை வெளியிடலாகாது என்று தடுத்திருக்கிறது. யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேசையில், எங்கள் அக்காவைப் போன்றோரை மனத்தில் வைத்து அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும். நாங்கள் மணியக்காரரிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தத் தாள் எதையும் சொல்லியிருக்காது. அக்கா சான்றிதழின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாத்தணும்னா ஆதாரம் வேணுமே, சார். ஆஸ்பத்திரி சீட்டு ஏதாவது இருக்கா?" என்றார் எழுத்தர்.

சாமிப்படம் இப்போது தம்பி வீட்டில் இருக்கிறது. சட்டம் மாற்றியபோது அதன் பின்னால் எதுவும் இல்லை. பெரியம்மாவும் 2015இல் போய்விட்டாள். அவளுடைய காரணம் மூப்பு என்று பதிவாகியிருக்கிறது. எதுவும் இல்லை என்றோம். அவர் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

திரும்பும் பேருந்தில் கூட்டம் இல்லை. மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். திருக்கோவிலூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. பிறகு அக்கா, சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

"அந்தத் துணிய எல்லாம் அம்மா எங்கடா போட்டிருப்பா?"

தம்பி சற்று யோசித்தான்.

"அடுப்புலதான்."